மேசையில் இல்லாத மனு

வெள்ளைக்கரடு மனு விரைவு நிலையத்தில் மகளின் அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்த ஐந்தாம் நாள், திங்கட்கிழமை காலை, தீர்த்தம்மாளின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகள் கலைமதி வாசித்துக் காட்டினாள்.

"மதிப்பிற்குரிய மனுதாரரே, தங்கள் மனு வெற்றிகரமாக அறுநூறாவது சுற்றைக் கடந்துள்ளது. வாழ்த்துகள்."

"என்னா சுத்து?"

"தெரியலம்மா. வாழ்த்துன்னு போட்டிருக்குது."

"அப்ப ஆயிருச்சு. அந்தப் பைய எடு" என்று தீர்த்தம்மாள் கிளம்பிவிட்டாள்.

கலைமதி பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று நாற்பத்திரண்டு மதிப்பெண் எடுத்திருந்தாள். நர்சிங் கல்லூரியில் இடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சேலத்தில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்திருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். அதோடு முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றும் கொண்டுபோனால் நல்லது என்று பள்ளியில் சொன்னார்கள். அந்த நல்லதைத் தேடிப் போனதில்தான் வினை ஆரம்பமாயிற்று. இணையத்தில் போட்ட விண்ணப்பம் 'ஐயத்திற்குரியது' என்று திரும்பி வந்தது. அசல்களோடு வெள்ளைக்கரடுக்கு நேரில் போகச் சொன்னார்கள். போன வியாழக்கிழமை தீர்த்தம்மாள் போனாள்.

அங்கே ஏற்பு முகப்பில் கண்காணிப்பாளர் மாதவராஜ் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் பட்டம் வாங்கலைங்கறதுக்கு என்னாம்மா ஆதாரம்?"

"என்னப் பாத்தாத் தெரியலீங்களா?"

"உங்களப் பாத்தாத் தெரியுது. வூட்டுக்காரரப் பாக்கணுமே."

"அவரு பெங்களூர்ல சென்டரிங் வேலைக்குப் போயிருக்காருங்க. அவரப் பாத்தீங்கன்னா இன்னும் நல்லாத் தெரியும்."

மாதவராஜ் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டார். அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மனுவின் மேல் கிளிப் மாட்டி, சுவரில் இருந்த ஓர் ஓட்டைக்குள் தள்ளினார். உள்ளே இருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரி இருந்தது தீர்த்தம்மாளுக்கு. ஆனால் கம்பைநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் யோசிக்கவில்லை.

இப்போது, திங்கட்கிழமை, அவளை நிலையத்தின் பக்கவாட்டில் இருந்த பெரிய கண்ணாடி சன்னலுக்கு அனுப்பினார்கள். 'மனுதாரர் பார்வை மாடம்' என்று மேலே எழுதியிருந்தது. ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

உள்ளே பெரிய கூடம். கூடத்தைச் சுற்றிச் சதுரமாக நான்கு பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் கோப்புகள் வரிசையாக, கோவில் ஊர்வலம் போல, ஒன்றை ஒன்று முந்தாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெல்ட்டு முடிகிற இடத்தில் கோப்பு அடுத்த பெல்ட்டில் விழும். அது சரியாக விழுகிறதா என்று பார்த்து, கோணலாக விழுந்தால் ஒரு குச்சியால் நேராக்க, மூலைக்கு ஓர் ஊழியர் இருந்தார். நடுவில் இருந்த நாற்காலிகளில் மற்றவர்கள் உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் பேனா இல்லை. யார் முன்னாலும் மேசையும் இல்லை.

டக்.

தீர்த்தம்மாள் சத்தம் வந்த இடத்தைப் பார்த்தாள். பெல்ட்டின் இணைப்பில் மூன்று ஆணி அடித்த ஓர் ஒட்டு. அது உருளைமேல் ஏறும்போதெல்லாம் அந்தச் சத்தம். அந்த ஒட்டைப் போட்டது பச்சியப்பன் மேஸ்திரி. போட்டபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். காவேரிப்பட்டணம் பக்கம் இருந்த மாங்கூழ் ஃபேக்டரியில் பதினோரு சீசன் இந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் அழுகல் காய் பொறுக்கினாள். ஃபேக்டரி மூடி இரண்டு வருடமாகிறது.

"அடியே, நம்ம பெல்ட்டுடி இது" என்று பக்கத்தில் ஒரு குரல். சகாயமேரி. அதே ஃபேக்டரியில் எதிர்வரிசையில் நின்றவள். ஏரியூருக்கு வாழ்க்கைப்பட்டு, புருசன் செத்து, இப்போது விதவை உதவித்தொகைக்கு வந்திருந்தாள்.

"எத்தன நாளாச்சு நீ குடுத்து?"

"நாலு மாசம். பத்தொம்பதாயிரஞ் சுத்து. போன வாரம் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பிச்சாங்க போன்ல."

அப்போது வாயு மூலையைத் திரும்பிக்கொண்டு பிளாஸ்டிக் உறை ஒன்று வந்தது. உறைக்குள் மதிப்பெண் பட்டியல். பட்டியலின் மூலையில் அச்சிட்ட புகைப்படத்தில் இரட்டைச் சடையோடு கலைமதி. அம்மாவின் எதிரே மெதுவாக வந்து, மெதுவாகக் கடந்து, ஈசானிய மூலையில் ஒரு குச்சியால் தட்டப்பட்டு, மறைந்துபோனாள்.

தீர்த்தம்மாள் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டாள். சரியாக ஒன்பது நிமிடம் கழித்து மகள் மறுபடி வந்தாள்.

இந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று என்பதை நிலையத்தின் வரலாறாகவே அச்சடித்து வாசலில் மாட்டியிருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் இதுதான். எந்த மனுவும் எந்த மேசையிலும் மூன்று நாளுக்குமேல் இருக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இருந்தால் அது நிலுவை. வெள்ளைக்கரடு நிலையம் நிலுவையில் முதலிடத்தில் இருந்தது. தனி அலுவலராக வந்த சந்திரமோகன் அந்தச் சமயத்தில் ஃபேக்டரிச் சாமான் ஏலத்துக்கு மேற்பார்வை பார்க்கப் போயிருந்தார். கொப்பரைகள் போயின, கொதிகலன் போயிற்று, பெல்ட்டை யாரும் கேட்கவில்லை. அதை அவர் அரை மணி நேரம் பார்த்தபடி நின்றாராம். ஒரு மேசைக்கு மனுவைக் கொண்டுபோவதில்தான் தாமதம், இதை வைத்து வேகமாகக் கொண்டுபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஓட்டிப் பார்த்த முதல் வாரம் ஓர் உதவியாளர் பெல்ட்டிலிருந்து ஒரு மனுவை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று நாள் ஓடிவிட்டது; நிலுவை ஒன்று. எடுக்காத மற்றவர்கள் பெயரில் நிலுவையே இல்லை. அந்த உதவியாளருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுக்கவில்லை. பெல்ட்டில் இருக்கும் மனு மேசையில் இல்லை. மேசையில் இல்லாத மனு நிலுவையில் இல்லை. அந்த மாதமே நிலுவை பூஜ்யம். மேசைகளையும் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

தணிக்கையில் ஒருவர் மட்டும், அந்த பெல்ட்டே ஒரு மேசைதானே என்று கேட்டார். நிலையம் சட்டக் கருத்துரை வாங்கிப் பதில் அனுப்பியது. மேசைக்கு நான்கு கால், பெல்ட்டுக்கு இருபத்திரண்டு.

தீர்த்தம்மாள் மாதவராஜிடம் போனாள்.

"சார், சான்றிதழு வேணாங்க. அந்த மார்க் சீட்ட மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. வெள்ளிக்கெழம சேலத்துல கேக்கறாங்க."

"எடுக்கறதா?" மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எடுத்து எங்கம்மா வைக்கறது?"

"எங்கையில குடுங்க."

"உங்க கைக்கு வரணும்னா எங்கைக்கு வரணும். எங்கைக்கு வந்தா என்னோட பொறுப்பு. அதுக்கு உத்தரவு வேணும். உத்தரவுக்கு மனு வேணும். 'இணைப்பைத் திரும்பக் கோரும் மனு'ன்னு ஒரு ஃபாரம் இருக்குது. எழுதிக் குடுங்க."

வெளியே மரத்தடியில் மனு எழுதுகிற மாரியப்பனிடம் எழுதி வாங்கி வந்து கொடுத்தாள். மாதவராஜ் அதில் முத்திரை குத்தினார். நேரம் பார்த்தார். முதல் மனு ஓட்டையைக் கடக்கும்வரை காத்திருந்து, சரியாக அதற்குப் பின்னால் இரண்டாவதைத் தள்ளினார்.

"பாருங்க, உங்களுக்காக ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல விட்டிருக்கேன். எல்லாருக்கும் இப்படிச் செய்யமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது கலைமதியின் படம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைத் திரும்பக் கேட்கும் மனு இரண்டு முழம் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் கழித்தும் அதே இரண்டு முழம். மதியம் வரை நின்று பார்த்தாள்.

"இது எப்பவும் அதப் புடிக்காதுங்களே" என்று மாதவராஜிடம் கேட்டாள்.

"ஒன்ன ஒன்னு புடிச்சுதுன்னா அது பாரபட்சம்மா. இங்க எல்லா மனுவுக்கும் ஒரே வேகம்."

அன்று மதியம் மின்சாரம் போயிற்று. விளக்கு, மின்விசிறி, கணினி எல்லாம் நின்றன. பெல்ட்டு நிற்கவில்லை. அதற்கு மட்டும் தனி ஜெனரேட்டர். ஊழியர்கள் இருட்டில், வேர்வையில், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரவிலும் அது நிற்பதில்லை. காவலாளி இரண்டு பேர் குச்சியோடு இருப்பார்கள் என்று சன்னலோரம் நின்ற பெரியவர் இன்னாசி சொன்னார். அவர் தன் நிலத்துக்குப் பட்டா மாற்றக் கொடுத்து ஏழு மாதமாகிறது. தினமும் வந்து தன் மனுவைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

"மூலைக்கு மூலை ஒரு ஆளு இருக்கான் பாத்தியா தாயி. ஈசானிய மூலையில நிக்கறவன் முருகேஷு. போன மாசம்தான் பதவி உயர்வு. அதுக்கு முன்ன கன்னி மூலையில இருந்தான். ஈசானியம் சாமி இருக்கற மூலைன்னு அதுக்குப் போட்டி அதிகம்."

"அவரு ஒரு தட்டுத் தட்டி வெளிய தள்ளிவுட்டாக்கூடப் போதுங்களே."

"தள்ளுனா கீழ வுழும். கீழ வுழுந்தா தரையில இருக்குது. தரையும் மேசைதானான்னு கேட்டு எழுதியிருக்காங்களாம். பதில் வர்ற வரைக்கும் எதையும் கீழ வுடக் கூடாதுன்னு உத்தரவு."

புதன்கிழமை தீர்த்தம்மாள் தனி அலுவலர் சந்திரமோகனையே பார்த்துவிட்டாள். பார்க்க அனுமதி கிடைத்ததற்குக் காரணம், மறுநாள் மாநிலத் தேர்வுக் குழு வருகிறது, 'விரைவு நிர்வாகக் கேடயம்' தருவதாக இருக்கிறார்கள், குழு வந்தால் என்ன பேசுவது என்று அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், கேட்க ஆள் வேண்டியிருந்தது. அவள் சொன்னதை அவர் கனிவோடு கேட்டார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"அம்மா, நீங்க ஒரு காகிதத்தப் பத்திப் பேசறீங்க. நான் ஆயிரத்து நூத்தி நாப்பது காகிதத்தப் பத்தி யோசிக்கறேன். ஒரே ஒரு நிமிசம் இத நிறுத்துனா, அத்தனையும் அந்த நிமிசமே நிலுவைக்கு வந்துடும். ஒரு வட்டாரத்தோட பேரே போயிடும். முன்னெல்லாம் மக்கள் வந்து கேப்பாங்க, என் மனு எங்கன்னு. எங்களுக்குத் தெரியாது. வெக்கமா இருக்கும். இப்பக் கேக்கறாங்களா? அவங்களே கண்ணால பாத்துக்கறாங்க. இதவிட வெளிப்படையான நிர்வாகம் எங்க இருக்குது? முடிவு எடுக்கறதுலதாம்மா தப்பு வருது. இந்தப் பதினாலு மாசத்துல இந்த அலுவலகம் ஒரு தப்பான முடிவு எடுத்ததுன்னு யாராவது சொல்லட்டும்."

யாரும் சொல்ல முடியாதுதான். தீர்த்தம்மாளுக்கும் அது புரிந்தது.

"இல்லீங்கய்யா, முழுசா நிறுத்த வேணாம். பெல்ட்டுக்கு மேல காஞ்ச சாமந்திப் பூ சுத்துன ஒரு செவப்புக் கயிறு தொங்குதுங்களே, அத லேசா இழுத்தா ஒரு நொடி நின்னு ஓடும். யாரோட கையாவது மாட்டிக்கிச்சுன்னா நாங்க அதத்தான் இழுப்போம். நான் அதே பெல்ட்டுல பதினோரு சீசன் வேல பாத்தவங்க. ஒரு நொடியில எடுத்துருவேன்."

சந்திரமோகனின் முகம் மாறியது.

"அந்தக் கயிறு நிறுத்துற கயிறா?"

"ஆமாங்கய்யா."

"அலங்காரம்னு சொல்லி ஆயுத பூஜையில பூச் சுத்துனோமே. மாதவராஜ், இத்தன நாளா ஒரு ஆபத்து தலைக்குமேல தொங்கியிருக்குது. இப்பவே வெட்டி எறிங்க."

வெட்டி எறிந்தார்கள். தகவல் தந்த பொதுமக்களில் ஒருவர் என்று தீர்த்தம்மாளுக்கு நன்றி சொல்லி ஒரு குவளை மோரும் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கலைமதி அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தாள். நர்சிங் சேர்ந்தால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வாங்கிய வெள்ளைச் செருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைப் பரண்மேல் போட்டாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றாள். தீர்த்தம்மாள் எழுந்து பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை. நிலையத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மூலை அலுவலர் நால்வருக்கும் புதுச் சட்டை, குச்சிகளுக்கு வார்னிஷ். குழு பத்தரைக்கு வருவதாக இருந்தது. சேலத்திலிருந்து காரில் வருகிற வழியில், தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து பாதை அடைபட்டிருப்பதாகச் செய்தி வந்தது. எப்படியும் பன்னிரண்டாகும்.

கிடைத்த நேரத்தை வீணாக்க சந்திரமோகனுக்கு மனம் வரவில்லை. விரைவு நிர்வாகத்துக்குக் கேடயம் வாங்கப் போகிறோம், ஒன்பது நிமிடச் சுற்று என்பது கொஞ்சம் ஆமை மாதிரித் தெரியாதா என்று அவருக்குத் தோன்றியது. வேகத்தை மூன்று மடங்காக வைத்தார். வைத்துவிட்டு, யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று விசைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூங்கொத்தோடு வாசலுக்குப் போய் நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றார்.

டக், டக், டக் என்றது பெல்ட்டு.

முதல் நிமிடத்தில் கன்னி மூலை ஊழியர் சமாளித்தார். இரண்டாவது நிமிடத்தில் அக்னி மூலைக்காரரின் குச்சி உடைந்தது. மூன்றாவது நிமிடத்தில் ஈசானிய மூலையில் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மலைபோலக் குவிந்து, சரிந்து, முருகேஷின் இடுப்புவரை வந்துவிட்டன. அவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "சார், கீழ வுழப் போவுது சார்" என்றான். தரையைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"கயிற இழுங்க" என்றார் மாதவராஜ்.

"நேத்தே வெட்டிட்டோம் சார்."

கண்ணாடிக்கு வெளியே தீர்த்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். குவியலுக்குள் பிளாஸ்டிக் உறை ஒன்று மடங்கிக்கொண்டிருந்தது. கலைமதியின் முகத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது.

"மேரி" என்றாள் தீர்த்தம்மாள், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல். "பெங்களூரா லோடு வந்துருச்சு."

பெங்களூரா மாங்காய் ஒரே நாளில் நாற்பது லாரி வந்து நிற்கும் சீசன் உச்சத்தில் இப்படித்தான் ஆகும். அப்போது யோசிக்கக் கூடாது. கண் பார்த்ததும் கை எடுக்க வேண்டும். கண் பார்த்து, மனசு பார்த்து, அப்புறம் கை போனால் காய் போய்விடும். சகாயமேரி முந்தானையை இடுப்பில் சொருகினாள். பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்ற பலகையைப் படிக்க தீர்த்தம்மாளுக்கு எப்படியும் நேரம் பிடித்திருக்கும்.

எதிரெதிரே நின்றார்கள். தீர்த்தம்மாளின் கை குவியலுக்குள் போய் முதலில் அந்த உறையை எடுத்தது. மடிப்பை நீவி, ரவிக்கைக்குள் செருகினாள். அதோடு போய்விடலாம் என்றுதான் வந்தாள். ஆனால் பதினோரு சீசன் பழகிய கை, முன்னால் பெல்ட்டு ஓடும்போது சும்மா தொங்க மறுத்தது. அடுத்ததையும் எடுத்தது. சகாயமேரி தன்னுடையதை எடுத்துவிட்டு, எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால், அடுத்ததன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

"இன்னாசி, த/பெ சவுரியப்பன்."

"நாந்தான் தாயி" என்று சன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு கை நீண்டது. சன்னலைத் திறந்தது யார் என்று பிறகு நடந்த விசாரணையிலும் தெரியவில்லை.

"ரோசம்மாள், வீட்டுமனை."

"இங்க, இங்க."

"பச்சக் கவரு என்னுது அக்கா. மாடு படம் போட்டது."

முருகேஷ் குவியலைத் தாங்கிப் பிடித்திருந்தான். எடுக்க எடுக்க அவன் கை லேசாகிக்கொண்டே வந்தது. மாதவராஜ் மட்டும், "ஏம்மா, எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது" என்று சொன்னார். ஆனால் அவர் கையை நீட்டித் தடுக்கவில்லை. தடுத்தால் ஏதாவது ஒரு மனு தன் கையில் தங்கிவிடும் என்ற பயம். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டே சொன்னார். அன்று வராதவர்களின் மனுக்களை அந்தந்த ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாற்பது நிமிடத்தில் பெல்ட்டு காலியாயிற்று. காலி பெல்ட்டு மூன்று மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் குழு வந்தது. தலைவர் நிர்மலாதேவி முன்னால் வந்தார். பின்னால் பூங்கொத்து கொடுத்துவிட்ட கையோடு சந்திரமோகன். கூடத்துக்குள் நுழைந்ததும் சந்திரமோகன் நின்றார்.

"மனுக்கள் எங்க?" என்றார் நிர்மலாதேவி.

சந்திரமோகன் மாதவராஜைப் பார்த்தார். மாதவராஜ் முருகேஷைப் பார்த்தார். முருகேஷ் சன்னலைக் காட்டினான். சன்னலுக்கு வெளியே நூறு பேர் கையில் காகிதத்தோடு நின்றிருந்தார்கள். சமயத்துக்கு ஒரு பதில் தோன்றாதவர் அரசுப் பணியில் முப்பது வருடம் நீடித்துவிட முடியாது. சந்திரமோகனுக்கு மூன்று நொடிதான் தேவைப்பட்டது.

"எல்லாம் மக்கள் கைக்கே போய்ச் சேந்துடுச்சுங்க மேடம்."

"ஆயிரத்துச் சொச்சமும்?"

"அத்தனையும்."

நிர்மலாதேவி சன்னலுக்குப் போய் இன்னாசியைக் கேட்டார்.

"பெரியவரே, உங்க மனு என்ன ஆச்சு?"

"கைக்கு வந்துருச்சுங்கம்மா."

"எத்தனை நாளாச்சு?"

"ஏழு மாசமா ஒன்னும் நடக்கலீங்க. இன்னைக்கு அர மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க."

"திருப்திதானா?"

"இவ்வளவு திருப்தியா இந்த ஆபீசுலேருந்து நான் போனதே இல்லீங்கம்மா."

கேடயம் கொடுக்கப்பட்டது. சந்திரமோகன் ஏற்புரையில், இந்த வெற்றி தனி ஒருவருடையது அல்ல என்றார். அதுவரையில் அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை. பேசி முடித்தபோது தீர்த்தம்மாள் பஸ்ஸில் பாதி தூரம் போயிருந்தாள்.

மறுநாள் சேலத்தில் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்த பெண் அலுவலர், "என்ன இது, மடிஞ்சிருக்கு" என்றார்.

"கொஞ்சம் அலைஞ்சிருச்சுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்கு அவள் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மாள் பாதியில் கையமர்த்தி, "குடும்பத்துல யாரும் படிக்கலைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கலைமதி எழுதினாள். தீர்த்தம்மாள் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடமாயிற்று. பெரும்பாலும் அது கையெழுத்துக்குப் போன நேரம்தான்.

வெள்ளைக்கரடில் அதற்குப் பின் ஒரு சிக்கல் வந்தது. கேடயம் வாங்கிய நிலையம் என்பதால் அதன் சுற்றுக் கணக்கை மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்புவதற்குச் சுற்று இல்லை. பெல்ட்டில் ஒரு மனுவும் இல்லை. கையில் வாங்கியவர்கள் யாரும் திரும்பக் கொடுக்க வரவில்லை. புதிதாகக் கொடுக்கவும் ஒருவரும் வரவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி, மனு கொடுக்க வாரீர் என்று மூன்று நாள் ஊர் ஊராகக் கூவிப் பார்த்தார்கள். முருகேஷை மீண்டும் கன்னி மூலைக்கு இறக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து தீர்த்தம்மாளுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கலைமதி விடுதிக்குப் போய்விட்டதால் தபால்காரரே வாசித்துக் காட்டினார். "நிலையத்தின் நகர்வில் இருந்த தங்கள் மனுவைத் தாங்கள் தன்னிச்சையாக எடுத்துச் சென்றதால் நிலையத்தின் சுற்றுக் கணக்கில் ஈடுசெய்ய இயலாத இழப்பு ஏற்பட்டுள்ளது. இக்கடிதம் கண்ட மூன்று நாளுக்குள் உரிய விளக்கத்தை, மேற்படி மனுவுடனும் அசல் மதிப்பெண் பட்டியலுடனும், நேரில் சமர்ப்பிக்க வேண்டும்."

மறுநாளே நேரில் போனாள். மாதவராஜ் முகப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்; ஒரு மாதமாக அங்கே யாரும் வந்திருக்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க. வெளக்கம் கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க."

"மார்க் சீட்டு?"

"அது காலேசுல இருக்குதுங்க."

"அப்ப இந்தக் கடிதத்துக்கு என்னாம்மா பதிலு? மூணு நாளுக்கு மேல நீங்க வெச்சிருக்கக் கூடாது."

"வெச்சிருக்கலீங்க சார்" என்றாள் தீர்த்தம்மாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்திருந்ததைப் பிரித்து, உள்ளங்கையால் நன்றாக நீவினாள். சுவரில் இருந்த ஓட்டைக்குள் அதை நேராகத் தள்ளினாள்.

மாதவராஜின் கை தன்னையறியாமல் முன்னால் வந்தது. வந்து, பாதியில் நின்று, பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

தீர்த்தம்மாள் பக்கவாட்டுச் சன்னலுக்குப் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். வெறுமையான பெல்ட்டில் அந்த ஒற்றைத் தாள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கன்னி மூலையில் முருகேஷ் எழுந்து, குச்சியால் அதை மரியாதையாக நேராக்கினான். நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அலுவலகத்தில் வேலை நடந்தது.

டக்.

மூன்றாம் நாள் அவளுடைய கைபேசிக்கு வாழ்த்து வந்தது.